வாளுக்கு முன்னே வம்சம்: மெரனாவ் காவியத்தில் பகையும் சமாதானமும்

தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் நான்கு வரிகளில் முடிந்துவிடுகின்றன. துப்பாக்கிச் சண்டை நடந்தது, இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின என்பதோடு செய்தி நின்றுவிடும். யார் யாரோடு சண்டையிட்டார்கள், எதற்காக என்று தேடினால் குழப்பமே மிஞ்சும். அந்தக் குழப்பத்தின் ஒரு முடிச்சை அவிழ்க்க, அந்த மண்ணில் வாழும் மெரனாவ் மக்களின் பழைய காவியமான 'தராங்கெ'னைப் படிப்பது அரசியல் அறிக்கைகளைப் படிப்பதைவிடக் கூடுதலாக உதவும் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மூன்று வகைச் சண்டைகள்

மெரனாவ் மக்கள் வாழும் லனாவ் ஏரியைச் சுற்றி நடக்கும் மோதல்கள் மூன்று வகைப்படும். முதலாவது, மோரோ முஸ்லிம்களின் தன்னாட்சிக்கான ஆயுதப் போராட்டம். அது 2014இல் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் பிலிப்பைன்ஸ் அரசுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும், 2019இல் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி அமைவதற்கும் இட்டுச்சென்றது. இரண்டாவது, தீவிரவாதக் குழுக்களின் தாக்குதல். 2017 மே 23 முதல் அக்டோபர் 23 வரை ஐந்து மாதங்கள் நீடித்த மராவி நகர முற்றுகை இதில் அடங்கும். மூன்றாவது வகைதான் வெளியுலகுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே, சில சமயம் தலைமுறைகள் தாண்டியும் நீளும் பழிவாங்கல் அது. மெரனாவ் மொழியில் அதற்கு 'ரிடோ' என்று பெயர்.

ஏசியா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒருங்கிணைத்து 2007இல் நூலாக வந்த ஆய்வு, 1930களுக்கும் 2005க்கும் இடையே மிண்டனாவில் நிகழ்ந்த 1,266 ரிடோக்களைப் பதிவு செய்தது. அவற்றில் 5,500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். மாகாண வாரியாகப் பார்த்தால், மெரனாவ் மக்களின் தாயகமான லனாவ் டெல் சுர்தான் 377 ரிடோக்களோடு முதலிடத்தில் இருந்தது. அரசுப் படைக்கும் கிளர்ச்சிக் குழுவுக்கும் நடந்த மோதல் என்று செய்தியாகும் சில சண்டைகளே உள்ளூரின் குடும்பப் பகையில் தொடங்கியவை என்பதையும் அந்த ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே ரிடோவைப் புரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டையும் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

ஏரி மக்களும் அவர்களின் பாட்டும்

'ரனாவ்' என்றால் ஏரி; 'மெரனாவ்' என்றால் ஏரியின் மக்கள். மரனாவ் என்றும் எழுதுவார்கள். பிலிப்பைன்ஸின் இரண்டாவது பெரிய ஏரியான லனாவைச் சுற்றி வாழும் இவர்கள் இன்று முஸ்லிம்கள். ஆனால் இவர்களின் காவியமான 'தராங்கென்' இஸ்லாம் வருவதற்கு முற்பட்ட வேர்களைக் கொண்டது. அதன் பெயரே 'பாட்டாகச் சொல்வது' என்று பொருள்படும். 17 கதைச் சுழற்சிகளும் ஏறத்தாழ 72,000 வரிகளும் கொண்ட இந்த வாய்மொழிக் காவியத்தை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இதைப் பாடுபவர்களுக்கு 'ஓனோர்' என்று பெயர். ஆண்களும் பெண்களும் பாடுவதுண்டு. திருமணக் கொண்டாட்டங்களில் பல இரவுகள் தொடர்ந்து பாடல் நிகழும். பாடுபவருக்குக் குரல்வளமும் நினைவாற்றலும் இருந்தால் மட்டும் போதாது. வழக்காற்றுச் சட்டமும் குடும்ப வம்சாவளிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கவிதையைப் பாடுவதற்குச் சட்டமும் வம்சாவளியும் எதற்கு? அந்தக் காவியம் சமூகத்தின் வழக்கேடாகவும் இருக்கிறது என்பதே விடை. பெரியவர்கள் வழக்குத் தீர்க்க அமரும்போது இன்றும் தராங்கெனை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை யுனெஸ்கோவின் பதிவே குறிப்பிடுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

1. மரத்தபாத். 'படிநிலை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மானம் என்று மொழிபெயர்ப்பது பாதிதான் சரி. ஒருவருக்குச் சமூகத்தில் உள்ள இடமும், அந்த இடத்துக்குரிய மரியாதையும், அது குறைந்தால் மீட்டே ஆகவேண்டிய கடமையும் சேர்ந்ததே மரத்தபாத். அது தனியொருவரின் உடைமையாக இருப்பதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு நேர்ந்த அவமதிப்பு எல்லாருக்கும் நேர்ந்ததாகிறது. அதனால் பழிதீர்க்கும் பொறுப்பும் எல்லாருக்கும் வருகிறது.

2. பங்சா. நாம் வம்சம் என்று சொல்லும் அதே வடமொழிச் சொல்தான் மலாய் உலகம் வழியாக மெரனாவில் இப்படி ஒலிக்கிறது. தாய்வழி, தந்தைவழி இரண்டையும் மெரனாவ் மக்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதால், ஒருவர் ஒரே சமயத்தில் பல பங்சாக்களைச் சேர்ந்தவராக இருக்க முடியும். சமாதானத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தியே எல்லாவற்றிலும் முக்கியமானது.

3. சல்சிலா. வம்சாவளி வரலாறு, வாய்மொழியாகவும் ஏட்டிலும் காக்கப்படுவது.

4. தரித்திப், இக்மா. முறைமை, முன்னோர் கூடி ஒப்பிய முடிவு என்று பொருள்படும் அரபு மூலச் சொற்கள். ஏரியைச் சுற்றிய பயபாவ், மசியு, உனயன், பலோய் என்ற நான்கு பழைய ஆட்சிப் பிரிவுகளுக்கும் இடையிலான உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் வழக்காற்றுச் சட்டத்தை இவை குறிக்கின்றன.

பகை பிறக்கும் இடம்: பேசக்கூடாது என்ற ஆணை

தராங்கெனின் மையம் பெம்பரான் என்ற அரசு. அதன் பெருவீரன் இளவரசன் பன்டுகன். அவனைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட கதை போரில் தொடங்குவதில்லை, ஒரு மௌனத்தில் தொடங்குகிறது. பன்டுகனின் வீரத்தையும், பெண்களிடையே அவனுக்கிருந்த புகழையும் கண்டு பொறாமை கொண்ட அண்ணன் மதாலி அரசன், தம்பியோடு யாரும் பேசக்கூடாது, பேசினால் தண்டனை என்று ஆணையிடுகிறான்.

இந்த ஆணையின் கொடுமையை உணர மரத்தபாத் என்ற கருத்து கைகொடுக்கும். ஒருவருக்குரிய இடம் மற்றவர்கள் அவரை எப்படி விளிக்கிறார்கள், எப்படி வரவேற்கிறார்கள், என்ன பட்டம் சொல்லி அழைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பேச்சை நிறுத்துவது அந்த இடத்தையே பறிப்பதாகும். ஒரு துளி ரத்தமும் சிந்தாமல் அண்ணன் தம்பியைச் சமூகத்திலிருந்து அழித்துவிடுகிறான். ரிடோவைப் பற்றிய ஆய்வுகளிலும் இதன் எதிரொலி கேட்கிறது. நிலத் தகராறும் அரசியல் போட்டியும்தான் பெருங்காரணங்கள் என்றாலும், கேலிப் பேச்சும் சிறு திருட்டும்கூடக் கொலைத் தொடர்களைத் தொடங்கிவைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காரணம் அற்பமாகத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு அது குடும்பத்தின் இடம் பறிபோன நிகழ்ச்சி.

இனி, பன்டுகன் என்ன செய்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் வாளெடுத்தால் எதிர்க்க ஆளில்லை என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் வாளெடுக்கவில்லை, நாட்டைவிட்டு நடந்துவிடுகிறான். அண்ணனுக்கு எதிராகப் பழிதீர்ப்பது தன் பங்சாவையே வெட்டுவதாகும் என்பதால், அவனுக்குத் திறந்திருக்கும் ஒரே வழி விலகுவதுதான். இதைத் தோல்வியாகக் காவியம் பாடவில்லை. இடையில் தூரம் வைப்பதே சமாதானத்தின் முதல் படி என்ற அறிவு இந்தக் காட்சியில் அடங்கியிருப்பதாக நான் வாசிக்கிறேன்.

பிணத்தை என்ன செய்வது?

அலைந்து நோயுற்ற பன்டுகன், இரு கடல்களுக்கு இடையிலான நாட்டின் அரண்மனை வாசலில் விழுந்து இறக்கிறான். அங்கே இளவரசி தாதிம்பாங்கும் அவளுடைய சகோதரனான அரசனும் திகைத்துப்போகிறார்கள். தங்கள் வாசலில் கிடப்பவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவையைக் கூட்டி ஆலோசிக்கிறார்கள். அப்போது ஒரு கிளி வந்து, இறந்தவன் பெம்பரானின் பன்டுகன் என்று சொல்கிறது. பின்பு அதுவே பறந்துபோய் மதாலியிடமும் செய்தி சொல்கிறது. மதாலி தம்பியின் உயிரை மீட்க வானுலகம் செல்கிறான். தாதிம்பாங்கோ உடலைப் பெம்பரானுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறாள்.

இந்தப் பகுதியைச் சாகசக் கதையாக மட்டும் படித்துக் கடந்துபோனால் பெரும் இழப்பு. இதன் அடியில் இருப்பது ஒரு சட்டச் சிக்கல். பெயர் தெரியாத ஒருவர் உங்கள் வாசலில் இறந்துகிடக்கிறார். அவருடைய உறவினர்கள் வலிமை மிக்கவர்கள். நீங்கள் கொல்லவில்லை என்பதற்குச் சாட்சியும் இல்லை. ஒரு ரிடோ வெடிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காவியம் அந்த வெடிப்பை நான்கு செயல்களால் தடுக்கிறது.

1. அவசரமாக எதுவும் செய்யாமல் அவையைக் கூட்டுவது. முடிவு ஒருவருடையதாக இல்லாமல் ஊருடையதாகிறது.

2. இறந்தவர் யார் என்று நிறுவுவது. ஒருவரின் பெயரும் வம்சமும் தெரியாதவரை எந்தக் கடமையும் தொடங்காது. கிளி இங்கே செய்வது சல்சிலா அறிந்தவரின் வேலை.

3. இருபக்கமும் சாராத ஒருவர் செய்தியைக் கொண்டுபோவது. கிளி எந்த அரசுக்கும் உரியதல்ல என்பதால் அதன் சொல் ஏற்கப்படுகிறது.

4. உடலை மரியாதையோடு திருப்பிக் கொடுப்பது. அதையும் ஒரு பெண் முன்னின்று செய்வது.

நான்காவதை மறுபடி மறுபடி நினைக்கத் தோன்றுகிறது. மெரனாவ் மரபில் ரிடோவின் குறி ஆண்கள். பெண்களும் குழந்தைகளும் அதிலிருந்து விலக்கப்பட்டவர்கள் என்பதே பழைய முறை. ஆகவே பகை நிலத்தைக் கடந்து போகவும் எதிர்த்தரப்பின் வாசலில் நிற்கவும் பெண்ணால் முடிகிறது. காதல் கதையின் நாயகியாகவே பாடநூல்களில் அறிமுகமாகும் தாதிம்பாங், உண்மையில் இந்தக் கதையின் தூதர். அவள் உடலை மறைத்திருந்தால், அல்லது அஞ்சிக் கடலில் விட்டிருந்தால், அடுத்த பல இரவுகள் போரைத்தான் பாட வேண்டியிருந்திருக்கும்.

மதாலியின் பயணத்துக்கும் இதே கண்ணோட்டத்தில் பொருள் உண்டு. தன் சொல்லால் தம்பியைச் சமூக வாழ்விலிருந்து நீக்கியவனே அவனுடைய உயிரைத் தேடிப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறான். தவறிழைத்தவர் வருத்தம் தெரிவித்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் தன் உழைப்பால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நியதி அங்கே செயல்படுகிறது. உயிர் உடலில் சேர்கிறது, பன்டுகன் எழுகிறான், ஊர் திரண்டு விழா எடுக்கிறது. அண்ணன் தம்பி பகை தீர்ந்தது என்று தனியாக அறிவிக்க வேண்டிய தேவையே எழவில்லை. விழாவில் எல்லாரும் கூடியதே அறிவிப்பு.

சமாதானம் எட்டாத இடம்

ஆனால் தராங்கெனைச் சாந்தி உபதேசமாக்கிவிடுவது நேர்மையாகாது. பன்டுகன் இறந்தான் என்று கேள்விப்பட்ட மிஸ்கோயாவ் என்ற அரசன் படையோடு வருகிறான். விழா நின்று போர் மூள்கிறது. இப்போதுதான் உயிர்பெற்று வலுவிழந்திருக்கும் பன்டுகன் சிறைப்படுகிறான். பிறகு வலிமை திரும்பியதும் கட்டுகளை அறுத்து, காம்பிலான் என்ற நீண்ட வாளை ஏந்திப் பகைவரை வெட்டி வீழ்த்துகிறான். இங்கே அவை கூடவில்லை, கிளி பறக்கவில்லை, யாரும் வம்சம் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. உறவின் வலைக்குள் இருப்பவரோடு பேச வழியிருக்கிறது. உறவாக முடியக்கூடிய தாதிம்பாங்கின் நாட்டோடும் பேச வழியிருக்கிறது. வலைக்கு வெளியே நிற்பவருக்கு வாள்தான். அதனால்தான் கதையின் முடிவில் பன்டுகன் தனக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசியர் அனைவரின் நாடுகளுக்கும் சென்று, அவர்களை மணந்து, பெம்பரானுக்கு அழைத்துவருகிறான். இன்றைய வாசகருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது உறுத்தலாக இருக்கும், உறுத்தவும் வேண்டும். ஆனால் காவியத்தின் தர்க்கத்தில் ஒவ்வொரு திருமணமும் ஓர் எல்லையை மூடி ஓர் உறவைத் திறக்கிறது. வலையை அகலமாக்குவதே அந்த உலகம் அறிந்த நீடித்த சமாதானம்.

வடக்கே லூசோன் தீவில் வாழும் இஃபுகாவ் மக்களின் 'ஹுட்ஹுட்' பாடலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதில் அலிகுயோனும் பும்பக்கயோனும் ஆண்டுக்கணக்கில் மோதியும் வெற்றி தோல்வி காணாமல், ஒருவர் திறமையை மற்றவர் மதித்துச் சமாதானமாகி, ஒருவர் சகோதரியை மற்றவர் மணக்கிறார்கள். அங்கே சமாதானத்துக்கு வழி வகுப்பது சம வலிமை. மெரனாவ் காவியத்தில் வழி வகுப்பது உறவின் கணக்கு.

காவியத்திலிருந்து வழக்கு மன்றத்துக்கு

மெரனாவ் ஊர்களில் ரிடோ தீர்க்கப்படும் முறையை இதற்குப் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை கண்ணில் படும். நடைமுறை ஊருக்கு ஊர் மாறுபடும். பொதுவான போக்கு பின்வருமாறு:

1. முதலில் இருதரப்பும் விலகி நிற்கச் செய்யப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்கள் ஊரை விட்டே போவதும் உண்டு.

2. சுல்தான், தத்து போன்ற மரபுத் தலைவர்களும் மார்க்க அறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களும் இரு வீடுகளுக்கும் தனித்தனியாக நடக்கிறார்கள். முகத்துக்கு முகம் பேசவைப்பது இறுதியில்தான், ஏனென்றால் நேருக்கு நேர் சொல்லப்படும் ஒரு தவறான சொல் புதிய அவமதிப்பாகிவிடும்.

3. வம்சாவளி எண்ணப்படுகிறது. பல பங்சாக்களைச் சேர்ந்திருப்பதால், எந்த இரு குடும்பங்களுக்கும் எங்கோ ஒரு பொது மூதாதையைக் காட்டிவிட முடியும். இருதரப்புக்கும் உறவான ஒருவரையும் கண்டுபிடித்துவிட முடியும். நடுநிற்கும் தகுதி பெரும்பாலும் இவருக்கே வாய்க்கிறது. 'நீங்கள் அந்நியர்கள் அல்ல' என்று நிறுவப்பட்டதும், பழிவாங்குவது தன் ரத்தத்தையே சிந்துவதாக மாறிவிடுகிறது. பன்டுகன் அண்ணன்மீது வாளெடுக்காத காரணம் இங்கே இரு குடும்பங்களுக்கும் பொருந்திவிடுகிறது.

4. உயிருக்கு ஈட்டுப் பணம் நிர்ணயிக்கப்படுகிறது. அதைக் குற்றவாளி மட்டும் கொடுப்பதில்லை. உறவினர் எல்லாரும் பங்கிடுகிறார்கள். பழி எல்லாரையும் சேர்வதுபோல் தீர்வின் சுமையும் எல்லாரையும் சேர்கிறது.

5. திருக்குர்ஆனைத் தொட்டு உறுதி எடுத்தபின் 'கந்தோரி' என்ற பொது விருந்து நடக்கிறது. விருந்தில் உண்டவர் அத்தனை பேரும் சாட்சிகள்.

நவீன நீதிமன்றம் இந்த இடத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதும் இப்போது விளங்கும். நீதிமன்றம் ஒரு குற்றவாளியைத் தேடித் தண்டிக்கிறது. பறிபோன இடத்தை அது திருப்பித் தருவதில்லை. கொலை செய்தவர் சிறைக்குப் போனாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு மரத்தபாத் மீளாமல் போகலாம், பழியும் தொடரலாம். அதற்காக அரசுச் சட்டம் வேண்டாம் என்று வாதிட முடியாது. ஈட்டுப் பணம் கட்டக்கூடிய வசதியுள்ள குடும்பத்துக்கு உயிர் மலிவாகிவிடும் ஆபத்து மரபுமுறையில் உண்டு. உயர்ந்த படிநிலையில் இருப்பவரின் உயிருக்கும் எளியவரின் உயிருக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பதில் பழைய வழக்காறு என்றுமே திணறியிருக்கிறது. அந்தக் குறை காவியத்திலேயே இருக்கிறது. இளவரசன் உயிரைத் தேடித்தான் வானுலகம் போகிறார்கள்.

இராவணனும் அங்கே உண்டு

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று. மெரனாவ் மக்களிடம் 'மகாராடியா லாவானா' என்ற இன்னொரு கதையும் இருக்கிறது. அது இராமாயணத்தின் மெரனாவ் வடிவம். பிலிப்பைன்ஸ் அறிஞர் குவான் பிரான்சிஸ்கோ 1960களின் இறுதியில் அதைப் பதிவு செய்தார். இராமன் அங்கே ராடியா மங்கன்டிரி, இலக்குவன் ராடியா மங்கவர்னா, சீதை மலனோ திஹாயா. கதை முழுவதும் மெரனாவ் உலகத்துக்குள் வந்துவிட்டது. தேவதை என்ற சொல் 'திவாதா' என்றும், ராஜா என்பது 'ராடியா' என்றும் அந்த மொழியில் வாழ்கின்றன. வடமொழியிலிருந்து வந்த பங்சாவும் அரபியிலிருந்து வந்த மரத்தபாத்தும் ஒரே வாக்கியத்தில் அமர்ந்து ஒரு வழக்கைத் தீர்க்க உதவுகின்றன என்றால், அந்த ஏரிக்கரைக்கு வந்த எதையும் அம்மக்கள் வீணாக்கவில்லை என்று பொருள்.

இன்று அறுபடும் இழைகள்

இந்த முறை தொடர்ந்து இயங்க மூன்று வேண்டும்: வம்சாவளி அறிந்தவர்கள், அவர்கள் சொல்லை ஏற்கும் இளையவர்கள், எல்லாரும் கூடிவாழும் ஊர். மூன்றும் இன்று நெருக்கடியில் இருக்கின்றன. தேர்தல் அரசியல், ஒரே பங்சாவுக்குள்ளேயே பதவிக்காக மோதும் புதிய போட்டிகளை உருவாக்கியது. வழக்காற்றின்படி ஒரு குடும்பத்துக்கும் அரசுப் பத்திரத்தின்படி இன்னொரு குடும்பத்துக்கும் உரியதான நிலங்கள் பகைக்கு நிரந்தர எரிபொருளாயின. வாளின் இடத்தைத் தானியங்கித் துப்பாக்கி பிடித்துக்கொண்டபின், பெரியவர்கள் நடந்துபோய்ச் சேர்வதற்குள் பத்துப் பேர் இறந்துவிடுகிறார்கள்.

2017 முற்றுகை இதன்மேல் விழுந்த இடி. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து சிதறினர். நகரின் மையத்தில் 24 பரங்கேகள், அதாவது ஊர்ப்பிரிவுகள், பெரும் சேதப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. இடிபாட்டில் எல்லைக்கற்களும் ஆவணங்களும் போயின. யார் வீடு எங்கே முடிந்தது என்று நினைவில் வைத்திருந்த அயலார் வெவ்வேறு முகாம்களில் இருந்தனர்.

காவியத்தைக் காக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. மராவியிலுள்ள மிண்டனாவ் அரசுப் பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்றுப் பிரிவு, சகோதரி மரியா டெலியா கொரோனெலின் தலைமையில், பாடகர்களின் வாயிலிருந்தும் அரபு எழுத்தில் அமைந்த 'கிரிம்' கையேடுகளிலிருந்தும் தராங்கெனைத் திரட்டி, 1986 முதல் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக எட்டுத் தொகுதிகளில் வெளியிட்டது. அந்தப் பெரும்பணி இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை. ஆயினும் அச்சில் வந்தது சொற்கள்தான். அதன் பழஞ்சொற்கள் இன்றைய மெரனாவ் இளைஞர் பலருக்குப் புரிவதில்லை. பல இரவுகள் நீளும் பாடலுக்குத் திருமண வீடுகளில் இப்போது நேரமும் குறைந்துவிட்டது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பாயில் அமர்ந்து, தாதிம்பாங் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு பெம்பரானின் வாசலுக்கு வரும் இடத்தைச் சேர்ந்து கேட்டது அந்த இரவுகளில்தான்.